அல் கூஸ் பின்வாசலும் அண்டார்டிக்க வசந்தமும்

1. ஆகஸ்ட் மாதத்தில் ஐந்து நாள் வேலையாகத் துபாய்க்கும் தோஹாவுக்கும் போய்வந்தேன்.
2. ஏசி பழுதுபார்க்கும் பன்னிரண்டு பேருக்கு, பழைய வகைக் குளிரூட்டும் வாயுவைக் காற்றில் விடக் கூடாது, அது கடைசியில் துருவத்துக்கு மேலிருக்கும் ஓசோனைத் தின்னும் என்று பாடம் நடத்தினேன்.
3. பாடத்தின்போது சிலிண்டரில் பிடித்த வாயுவை அன்று சாயங்காலமே காற்றில் திறந்துவிட்டார்கள்.
4. பயிற்சி முறையாக நடந்தது என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
5. போடாவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் டெக்னீஷியன் கார்டு கிடைக்காது என்றார்கள்.
6. தோஹாவில், நான் வருகிறேன் என்பதற்காகவே, இன்னும் சில சிலிண்டர்களைக் காலி செய்து வைத்திருந்தார்கள்.

ஆறையும் நிதானமாக எழுத முயல்கிறேன். மூன்றாவதிலும் ஆறாவதிலும் நிதானம் தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, அடுக்கு மண்டலத்தில், மிகச் சொற்ப அளவில் சில வாயுக்கள் இருக்கின்றன. துருவங்களுக்கு மேலே அவை பருவத்துக்குப் பருவம் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று செயற்கைக்கோள் தரவுகளை வைத்துப் பார்ப்பது என் வேலை. சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறேன். அண்டார்டிக்காவுக்குப் போனதில்லை. அதன் மேலிருக்கும் காற்றை மட்டும் தினமும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

துபாயில் ஒரு ஏசி பராமரிப்பு நிறுவனம் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேர்வு வைக்க வெளியாள் ஒருவரைக் கேட்டிருந்தது. ஆட்களில் அநேகம் பேர் தமிழர்கள் என்பதால் தமிழ் பேசுபவராக இருந்தால் நல்லது என்றார்கள். போக வேண்டியவர் எங்கள் மூத்த அதிகாரி. அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அதனால் நான்.

சனிக்கிழமை துபாயின் சத்வா பகுதியில் வித்யா அக்கா வீட்டில் இறங்கினேன். கல்லூரியில் எனக்கு மூத்தவர். கணவர் சுரேஷ் வங்கியில் இருக்கிறார், மகள் தியா ஐந்தாம் வகுப்பு. கீழே வரிசையாகத் தையல் கடைகள். பின்சந்துக்குள் நடந்தால் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. மழை என்று அண்ணாந்தால் அத்தனையும் ஏசியின் கழிவு நீர். வெளியே மூச்சு முட்டும் புழுக்கம். வீட்டுக்குள் வித்யா அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் நாங்கள் ஏசியை அரை இரவுக்கு மேல் ஓடவிட்டால் அப்பா எழுந்து வந்து அணைப்பார். இங்கே நான் குளிர் தாங்காமல் அணைக்கப் போனதும் தியா என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஆன்ட்டி, டோன்ட். இது ஆகஸ்ட்."

சாப்பிடும்போது சுரேஷ் கேட்டார். "ஓசோன் ஓட்டை எல்லாம் சரியாயிடுச்சுன்னு படிச்சேனே கயல். இன்னுமா அதை வெச்சு பாடம் நடத்துறாங்க?"

"ஆறிக்கிட்டு வருது. ஆறிடலை. விடறதை நிறுத்தினதாலதான் ஆறுது. மறுபடி விட்டா?"

"நம்ம வீட்டு ஏசி புது மாடல்தான்," என்று வித்யா அக்கா சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு சப்பாத்தி வைத்தார். அந்த வீட்டில் பேச்சு அதோடு முடிந்தது.

ஞாயிறு காலை பயிற்சி, அல் கூஸ் தொழிற்பேட்டைப் பக்கம். டாக்ஸி ஓட்டுநர் பெஷாவர்க்காரர். கொடுத்த முகவரியைப் பார்த்தார், என் உடையைப் பார்த்தார், ஓவியக் கூடங்களும் காப்பிக் கடைகளும் இருக்கும் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார். இது இல்லை, பட்டறைகள் இருக்கும் பக்கம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "உங்களைப் போன்ற மேடம்கள் அல் கூஸ் என்றால் இங்கேதான் வருவார்கள். அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை, சகோதரி?" என்றார். அந்தப் பக்கத்தில் ஏசி ஓடாவிட்டால் இந்தப் பக்கத்தில் ஓவியம் உருகும் என்று சொல்ல நினைத்தேன். என் இந்தி அவ்வளவு தூரம் வராது. அவர் திருப்பிக்கொண்டுபோய், தப்பான வாசலில் இறக்க, நான் வெயிலில் ஒரு சுற்றுச்சுவர் முழுவதும் நடந்து உள்ளே போய்ச் சேர்ந்தேன்.

ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை நாள். வாரத்தில் இருப்பதே அது ஒன்றுதான். துணி துவைக்க, ஊருக்குப் பேச, கொஞ்சம் தூங்க. அதில்தான் பயிற்சியை வைத்திருந்தார்கள். கேம்ப்பிலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, பஸ்ஸில் வந்து இறங்கிய பன்னிரண்டு பேரும் நீலச் சட்டையில் இருந்தார்கள். போட்டோ எடுப்பார்கள் என்பதால் யூனிஃபார்ம் கட்டாயமாம்.

வகுப்பில் முதல் கேள்வி கேட்டவர் முனீஸ்வரன். கமுதிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், நாற்காலியில் நேராக உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தார்.

"மேடம், நீங்க சொல்ற எடத்துல மனுசன் இருக்கானா?"

"ஆராய்ச்சி நிலையத்துல கொஞ்சம் பேர் இருக்காங்க."

"அப்ப அவுகளும் கேம்ப்புலதான் கெடக்காக." பின்வரிசை சிரித்தது.

பலகையில் வரைந்து சொன்னேன். நாம் இங்கே விடுகிற வாயு உடனே எங்கும் போவதில்லை. வருடக்கணக்கில் மெதுவாக மேலேறுகிறது. மேலே கடும் வெயிலில் உடைந்து அதிலிருந்து குளோரின் வெளியே வருகிறது. வந்த குளோரின் வேறு வாயுக்களோடு சேர்ந்து சாதுவாகக் கிடக்கிறது. தென்துருவத்தில் ஜூன், ஜூலை மாதங்கள் முழு இருட்டு. அப்போது ஒரு பெரிய காற்று வளையம் துருவத்தைச் சுற்றி அடித்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் அடைத்துவிடும். உள்ளே குளிர் ஏறிக்கொண்டே போய் அந்த உயரத்திலும் மெல்லிய மேகங்கள் உருவாகும். நைட்ரிக் அமிலமும் பனியும் கலந்த மேகங்கள். அந்தத் துகள்களின் மேல் பட்டதும் சாதுவாகக் கிடந்த குளோரின் வேறு உருவம் எடுத்துத் தயாராகிவிடும். தயாராகி, ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும். ஆகஸ்ட் முடிவில் வெயில் திரும்பி வரும். செப்டம்பர் முழுக்க ஓசோன் சரியும்.

முனீஸ்வரன் பலகையைக் கைகாட்டினார். "அப்ப கேம்ப் வாசல்ல பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரிங்க. ராத்திரி பூரா ரூம்ல செவனேன்னு கெடக்கும். இருட்டோட எந்திரிச்சு யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கும். வெளிச்சம் வந்துருச்சுன்னா டூட்டி."

இந்தப் பாடத்தை இவ்வளவு சுலபமாகச் சொல்லலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியேதான் என்றேன்.

"ஓவர்டைம் உண்டா மேடம்?" என்றது பக்கத்து நாற்காலி.

"உண்டு. ஒரு குளோரின் அணு ஓசோனை உடைச்சிட்டு, தனக்குச் சேதாரம் இல்லாம வெளிய வந்து அடுத்ததைப் பிடிக்கும். போய்க்கிட்டே இருக்கும்."

"லீவு?"

"நவம்பர், டிசம்பர்ல அந்தக் காத்து வளையம் உடையும். வெளிக்காத்து உள்ள வந்து கலக்கும். மறுபடி சாதுவாயிடும்."

"வருசா வருசம் லீவா? நம்மளுக்கு அது தேவலடா மாப்ள."

வடதுருவத்தில் எப்படி என்று ஒருவர் கேட்டார். அங்கேயும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும், ஆனால் அங்கே அந்த அளவுக்குக் குளிர் நிலைக்காது, சில வருடங்களில்தான் பெரிதாக நடக்கும் என்றேன். "அப்ப அது பார்ட் டைம்," என்று அவரே எழுதிக்கொண்டார்.

மதியம் எனக்கு மட்டும் மாடியில் மேசை விரிப்போடு பிரியாணியும் கொண்டைக்கடலை ஹம்மூஸும் வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கீழே பொட்டலம். நான் பொட்டலம் வாங்கிக்கொண்டு கீழேயே உட்கார்ந்தேன். சோறு, ஆறிய சாம்பார், முறுக்கைப்போல் கடினமாகப் பொரித்த மீன். "மேல பிரியாணி இருக்கும்போது இங்க வந்து ஏன் மேடம் கஷ்டப்படுறீங்க, எங்களுக்கு அனுப்பியிருக்கலாம்ல," என்றார் ஒருவர். நியாயமான யோசனை. எனக்குத் தோன்றாமல் போயிற்று.

பிற்பகல் செய்முறைத் தேர்வு. பயிற்சிக்கென்று பட்டறையில் ஒரு ஏசி மாட்டியிருந்தார்கள். புதுச் சிலிண்டரின் சீலை உடைத்து அதில் பழைய வகை வாயுவை நிரப்பினார்கள். பிறகு அதே வாயுவை ரெக்கவரி மெஷினால் இழுத்துக் காலிச் சிலிண்டரில் பிடித்தார்கள். மெஷினின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. ஆனாலும் பன்னிரண்டு பேரும் ஒழுங்காகச் செய்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு போட்டோ. எனக்கு மனம் நிறைந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்து மணிவாக்கில் பட்டறை ஃபோர்மேன் பாஸ்கரன் அண்ணன் ஒரு பாட்டில் லபான் கொண்டுவந்து கொடுத்தார். லபான் என்பது அரபு நாட்டு மோர். திருச்சிக்காரர், பல வருடங்களாக இங்கே இருப்பவர், வாய் நிறையச் சிரிப்பவர். பாட்டில் கையில் பிடிக்க முடியாதபடி குளிர்ந்திருந்தது. பாதி குடித்துவிட்டு, "இவ்வளவு குளிரா எந்த பிரிட்ஜ்ல வெச்சிருந்தீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"பிரிட்ஜ் எதுக்கு மேடம்? வாங்க காட்டுறேன்."

பின்வாசலைத் திறந்தார். வெளியே முற்றத்தில், நாங்கள் பிற்பகலில் வாயு பிடித்த சிலிண்டர் தலைகீழாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வால்வு திறந்திருந்தது. சீறிக்கொண்டு வெள்ளைப் புகையாக வாயு வந்துகொண்டிருந்தது. வால்வைச் சுற்றி உறைபனி. அந்தப் புகையின் வழியில் ஒரு வாளி, வாளிக்குள் இன்னும் நாலைந்து லபான் பாட்டில்கள்.

"ரெண்டு நிமிசம் போதும், ஐஸ் ஆயிடும்," என்றார் பாஸ்கரன் அண்ணன்.

நான் ஓடிப்போய் வால்வை மூடினேன். விரல் பட்ட இடம் எரிந்தது. ஆட்டிப் பார்த்தால் சிலிண்டரில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை.

"ஏண்ணே விட்டீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "காலி பண்ணாம எப்படி மேடம்? அடுத்த பேட்ச்சுக்கு காலி சிலிண்டர் வேணும்ல."

"காலையில அத்தனை நேரம் என்ன சொன்னேன்?"

"அது சைட்டுக்கு மேடம். சைட்ல விடக் கூடாது. இது டிரெய்னிங் கேஸ்தானே."

அன்றிரவு சத்வாவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயுவை விடக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு புதுச் சிலிண்டரைத் திறந்து காற்றில் விட்டிருக்கிறார்கள். வகுப்பே நடத்தாமல் இருந்திருந்தால் அவ்வளவு வாயு மிச்சமாகியிருக்கும்.

திங்கள் காலை மேலாளர் ரகுநாதனைப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர். மிகவும் மரியாதையானவர். அவர் அறையில் இருந்த குளிருக்குத் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டுதான் பேச முடிந்தது.

"பிடிச்ச கேஸையே திரும்ப அந்த டிரெய்னிங் ஏசியில நிரப்பலாமே சார். சுத்திச் சுத்தி அதையே வெச்சு எத்தனை பேட்ச் வேணும்னாலும் நடத்தலாம்."

"நடத்தலாமுங்க. ஆனா பாத்தீங்கன்னா, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சீல் உடைக்காத புது சிலிண்டர்னு எங்க முறையில போட்டிருக்குதுங்க. போட்டோல சீல் தெரியோணும்."

"பிடிச்சதை எங்க கொடுக்கிறதுன்னு உங்க முறையில போட்டிருக்கா?"

"அது இன்னும் முடிவாகலைங்க மேடம்." ஒரு கோப்பை கரக் டீ, ஏலக்காய் போட்ட கெட்டிப் பால் டீ, வரவழைத்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு, கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களையும் நகர்த்தினார். ஆட்களுக்குத் தலா ஒரு பக்கம். பட்டறைக்கு ஒரு பக்கம், இங்கே வாயு முறையாகக் கையாளப்படுகிறது என்று.

பட்டறைக்குப் போட மாட்டேன் என்றேன்.

"அப்படீன்னா பசங்க கார்டும் நின்னுருமுங்க. எல்லாம் ஒண்ணாத்தான் போகும். உங்களால அந்தப் பசங்க பொழப்பு கெடோணுமா? யோசனை பண்ணிக்கோங்க."

குரல் உயரவே இல்லை. நானும் உயர்த்தவில்லை. ஆனால் இப்படி ஒரு வாக்கியத்தை இவ்வளவு பணிவாகச் சொல்ல முடியும் என்பது எனக்குப் புதிது. வாயுவை விட்டது அவர்கள். கெடுவது ஆட்களின் பிழைப்பு. கெடுத்தவள் நான்.

விஷயம் எனக்கு முன்னாலேயே கீழே போய்ச் சேர்ந்திருந்தது. படியடியில் முனீஸ்வரன் நின்றிருந்தார். அன்று அவருக்குப் பட்டறையிலேயே டூட்டி.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் கையெழுத்தப் போட்டு விட்டுருங்க."

"நடந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"எங்களுக்குத் தெரியாதா மேடம்? லபான் குடிக்கிறதே நாங்கதான்." சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். "நாலு வருசமா ஹெல்பர் விசாவுல டெக்னீசியன் வேல பாக்குறேன். அக்டோபர்ல ரினீவல். கார்டு இருந்தா டெக்னீசியன்னு மாத்துவாக. இல்லேன்னா மறுபடி ஹெல்பர். ஹெல்பர்னா அவுட்டோர் யூனிட்டத் தோள்ல வச்சு மொட்ட மாடிக்கு ஏத்தணும். எனக்கு முதுகுல டிஸ்க் வெலகிக் கெடக்கு. டாக்டர் எடயே தூக்கப்படாதுன்னுட்டாரு. தூக்க மாட்டேன்னு சொன்னா கலாஸ், ஊருக்குப் போயிட்டு வான்னுருவாக. நீங்க ஓசோனப் பாக்குறீக. நான் முதுகப் பாக்குறேன்."

அவர் ஏன் நாற்காலியில் சாய்ந்தே இருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

யோசிப்பது என்றால் எனக்குப் படிப்பது. அன்று மாலை முழுவதும் தேர்வு விதிகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். ஆட்களின் கார்டும் பட்டறையின் அனுமதியும் தனித்தனி என்று அதில் தெளிவாக இருந்தது. ஒன்று நின்றால் இன்னொன்று நிற்கத் தேவையில்லை. ரகுநாதன் அதைப் படித்திருக்கவில்லை, அல்லது நான் படிக்க மாட்டேன் என்று நினைத்திருந்தார். எதுவானாலும் கோபம் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை தோஹா. அதே நிறுவனத்துக்கு அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கிளை. அடுத்த மாதம் பயிற்சி தொடங்க இடம் சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். தொழிற்பேட்டைத் தெருக்களில் லாரிகளுக்கு இடையில் புகுந்து வந்த எங்கள் வண்டியில் ஏசி பாதி வழியில் நின்றுவிட்டது. ஏசி நிறுவனத்தின் வண்டி. ஓட்டுநர் நேபாளி. ஜன்னலைத் திறந்துவிட்டு, "எங்கள் வண்டியைச் சரிசெய்யத்தான் எங்களுக்கு நேரமில்லை," என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

ஸ்டோர் பொறுப்பாளர் தவராசா, யாழ்ப்பாணத்துக்காரர். வாசலிலேயே நின்று வரவேற்று, பேரீச்சம்பழமும் காவா என்னும் அரபுக் காப்பியும் கொடுத்தார். தரை கழுவி விட்டிருந்தது. சுவரோரம் சிலிண்டர்கள் வரிசையாக, பளபளவென்று துடைத்து, ஒரே உயரத்தில் அடுக்கியிருந்தன. துபாய் போலில்லாமல் இங்கே வாயுவைப் பிடித்து வைக்கிறார்கள் என்று ஆறுதலோடு ஒன்றைத் தூக்கினேன். லேசாக வந்தது. அடுத்ததும் லேசு. அதற்கடுத்ததும்.

"எல்லாம் காலியா இருக்கே?"

"ஓம், எல்லாம் காலிதான்," என்றார் தவராசா பெருமையோடு. "போன வரியத்தில இருந்து சைட்டில பிடிச்சது நிறைஞ்சு போய்க் கிடந்தது. நீங்கள் பாக்க வாறீங்கள் எண்டு சொன்னவை. வாறவைக்கு முன்னால குப்பையாக் கிடக்கக் கூடாதெல்லோ. நேற்றுப் பின்னேரமே பின்னுக்குக் கொண்டுபோய் எல்லாத்தையும் துப்பரவாக்கிப் போட்டம்."

ஒரு வருடமாக யாரோ வெயிலில் நின்று ஒழுங்காகப் பிடித்த வாயு. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல், ஆனாலும் விடாமல், வைத்திருந்த வாயு. நான் வருகிறேன் என்று விட்டுவிட்டார்கள். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்குவதுபோல. நான் வராமலே இருந்திருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும்.

அவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. பேரீச்சம்பழக் கொட்டை என் கையில் இருந்தது. போடும் இடம் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு, இனி யார் வந்தாலும் நிறைந்த சிலிண்டரைத்தான் காட்ட வேண்டும், அதுதான் இந்த இடத்துக்கு அழகு என்று சொன்னேன். தவராசாவின் முகம் சுருங்கியது. "அப்ப பிழையா செய்துபோட்டமோ? ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை." மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று பிள்ளை என்றார். அவர் சொன்னதுதான் உண்மை. பிடிக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்ன என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் குளிர்ந்த அறைகளில் இருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி, சென்னை அறையில்.

தோஹாவிலிருந்தே ரகுநாதனுக்குப் போன் செய்தேன். விதியின் எண்ணைச் சொன்னேன். ஆட்களுக்கும் பட்டறைக்கும் முடிச்சுப் போட முடியாது என்றேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வை நான் கணக்கில் எடுக்கப் போவதில்லை, மறுபடி வைக்க வேண்டும், புதுச் சிலிண்டர் கூடாது என்றேன்.

"மறுபடியா? சரி, மத்தியான பிரேக்ல வெச்சுக்கலாமுங்க. வெயிலுக்காக எப்படியும் அந்த நேரத்துல வெளி வேலை கிடையாது. பசங்க சும்மாத்தான் இருப்பாங்க."

கோடையில் உச்சி வெயிலுக்கு வெளிவேலை கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். நல்ல சட்டம். ஆட்கள் நிழலில் படுப்பதற்காக இருப்பது. ஞாயிற்றுக்கிழமையை எடுத்தாயிற்று, இனி இந்த நிழலும் வேண்டுமாம்.

"டூட்டி நேரத்துல வைங்க சார். காலையில. இல்லேன்னா ஏன் வைக்கலைன்னு நான் எழுத வேண்டியிருக்கும்."

"சரிங்க மேடம்," என்றார்.

துபாய்க்குத் திரும்பி, புதன்கிழமை காலை அல் கூஸ் பட்டறையின் பின்முற்றத்தில் தேர்வு வைத்தேன். அங்கே கேம்ப்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பழைய ஏசிகள் மலைபோல் குவிந்திருந்தன. காயலான் கடைக்குப் போக வேண்டியவை. அங்கே செம்புக் குழாயை வெட்டும்போது உள்ளே மிச்சமிருக்கும் வாயு முழுவதும் வெளியேறிவிடும். ஜோடிக்கு ஒரு ஏசி எடுத்து, அதிலிருப்பதைச் சிலிண்டரில் பிடியுங்கள், அதுதான் தேர்வு என்றேன்.

"போட்டோ இல்லையா மேடம்? தல சீவிட்டு வந்தேன்," என்றார் வடதுருவத்தைப் பார்ட் டைம் என்று எழுதிக்கொண்டவர்.

பாதி ஏசிகளில் ஒன்றுமே இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதும் தேர்வுதான். ஒரு ஜோடி ஹோஸைத் தப்பாக மாட்டி, கழற்றி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு மறுபடி மாட்டினார்கள். முனீஸ்வரனும் அவருடைய ஜோடியும் யூனிட்டைத் தூக்க வந்தபோது மற்றவர்கள் பேசாமல் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். பாஸ்கரன் அண்ணன் பின்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்கள் முடித்தபோது சிலிண்டர் சரியான அளவுக்கு நிறைந்திருந்தது.

பன்னிரண்டு பேர் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். பட்டறைப் பக்கத்தில், பிடித்த வாயுவை ஒப்படைக்க ஏற்பாடு இல்லை, அதுவரை தகுதியில்லை என்று எழுதினேன். இரண்டையும் தனித்தனி உறையில் போட்டு நானே கார்டு வழங்கும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராக விமான நிலையம் போனேன்.

நான் ஊர் வந்து மூன்று வாரமாகிறது. இன்றைய நிலை இது.

பன்னிரண்டு பேருக்கும் கார்டு வந்துவிட்டது. முனீஸ்வரனின் விசாவை டெக்னீஷியன் என்று மாற்றும் காகிதம் நிறுவனத்திலிருந்து போயிருக்கிறது. பட்டறைக்கு அனுமதி இல்லை. அடுத்த முறை வேறு தேர்வாளரை அழைக்கப் போவதாக எங்கள் அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். பழைய வாயுவை வாங்கிக்கொள்ளும் இடம் துபாயில் ஒன்று இருக்கிறது. நிறுவனம் ஒப்பந்தம் போட்டால்தான் வாங்குவார்களாம். ஒப்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. தென்துருவத்தில் வெயில் திரும்பிவிட்டது. என் திரையில் ஓசோன் சரியத் தொடங்கிவிட்டது.

முற்றத்தில் பிடித்த சிலிண்டரைப் பட்டறையின் நிழற்கொட்டகையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவிக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று பாஸ்கரன் அண்ணன் சொல்லிவிட்டதால் அது முனீஸ்வரனிடம் இருக்கிறது. காலிச் சிலிண்டர் வேண்டும், அதைக் காலி செய் என்று அவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். நேற்று எனக்கு அனுப்பிய குரல் செய்தியில் அவர் சொன்னார்:

"நான் முடியாதுன்னு சொல்லல மேடம். முடியாதுன்னா கலாஸ் பண்ணிருவாக. காலி பண்ணுன்னு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், இப்பவே பண்ணிடுறேன்னு சொன்னேன்."

இதுவரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சிலிண்டர் நிறைந்தபடியே இருக்கிறது.